பெட்டி மேல் இருந்த கீரி

நான் ஓய்வு பெற்று வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது யாருக்கோ பொறுக்கவில்லை. கம்பெனியில் இப்போது விற்பனை பார்க்கிற பையன்கள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்று. அதன் மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற கீரிப்பிள்ளை, பின்னால் துரத்திக்கொண்டு வருகிற நல்ல பாம்பு. கீழே கொட்டை எழுத்தில் 'கீரி மார்க் டிவி கேம்'. யாரோ அதை ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார்களாம். 'அந்தக் காலத்தில் நாடெங்கும் கலக்கிய சிவகாசி வீடியோ கேம்' என்று கூடவே ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு கூட்டமே உட்கார்ந்து உருகியிருக்கிறது. பையன்கள் கேட்கிறார்கள்: "சார், நீங்கதான் இத மார்க்கெட்ல எறக்குனீகளாம்ல. அந்த சக்ஸஸ் கதைய எழுதிக் குடுங்க, டிரெய்னிங்ல வாசிக்கிறோம்."

சக்ஸஸாம், சக்ஸஸ்! எனக்கு வந்த எரிச்சலில் போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். பக்கத்தில் கிணறு இல்லாமல் போனதால் தப்பித்தது. நாடெங்கும் கலக்கியதா? வடக்கே காரியாபட்டியைத் தாண்டவில்லை. தெற்கே சாத்தூர் பஸ் ஸ்டாண்டோடு சரி. ஒரு கோடை விடுமுறையில் ஓடி, அடுத்த ஆடிக்குள் படுத்துவிட்ட சரக்கு அது. எப்படிப் படுத்தது என்பதையே எழுதுகிறேன். டிரெய்னிங்கில் வாசித்துக்கொள்ளட்டும்.

நான் கீரி மார்க் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்தது பேக்கிங் பக்கம். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் எடுத்தேன். பிறகு சேல்ஸ் மேனேஜர் என்று ஒரு மேசையும் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் கிடைத்தன. ஒரு ஆயுசு உழைப்பை இப்படி மூன்று வரியில் சொல்லிவிடலாம். அதில் கற்றுக்கொண்டது இரண்டே விஷயம். இரண்டையும் கற்றுக்கொடுத்தவர் எங்கள் முதலாளி. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் விஷயம், லேபிள்தான் வியாபாரம். புது லேபிள் எங்கள் பிரஸ்ஸில் அச்சாகி வந்தால் அண்ணாச்சி அதை மேசையில் வைத்துப் பார்க்க மாட்டார். ஆபீஸுக்கு எதிர்ச்சுவரில் நாலைந்து மாதிரிகளை வரிசையாக ஒட்டச் சொல்லுவார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுவார். சைக்கிளில் போகிறவன் எந்தப் படத்துக்குக் கழுத்தைத் திருப்புகிறான், பஸ் ஜன்னலில் இருக்கிற பிள்ளை எதைப் பார்த்துக் கையை நீட்டுகிறது என்று கவனிப்பார். சாயங்காலம் வரை பேச்சே கிடையாது. கடைசியில் எழுந்து போய் ஒரே ஒரு லேபிளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தன் கையாலேயே கிழிப்பார். அந்த லேபிளுக்குள் என்ன வெடி வைப்பது என்று அதற்குப் பிறகுதான் யோசிப்போம். எங்கள் ஊரில் அது தப்பே இல்லை. லட்சுமி வெடியைக் கொளுத்திவிட்டு லட்சுமி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது விஷயம், 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. எங்கள் பக்கத்துக் கடைகளில் இது எழுதாத சட்டம். சோப்பு தீர்ந்து போயிருந்தால் 'நாளைக்கு வரும்' என்பார்களே தவிர, கல்லாவுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது அங்கேயே குடியேறிவிடும் என்று நம்பிக்கை. அண்ணாச்சி இதை வீடு வரைக்கும் கொண்டுபோயிருந்தார். குழம்பில் உப்பு இல்லை என்றால், "உப்பு வரணும்" என்பார். பிடிக்காத பேச்சு எடுத்தால் மறுக்க மாட்டார். சத்தமும் போட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் எதிரே இருப்பவனுக்கே தான் வந்த விஷயம் மறந்துவிடும். சம்பள உயர்வு கேட்கப் போய் அந்தக் கண்ணாடியையே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் எங்களில் எத்தனையோ பேர்.

இனி டிவி கேமுக்கு வருகிறேன். தீபாவளி முடிந்தால் விற்பனைக்காரர்களுக்கு அடுத்த சீசன் வரை வேலை மந்தம். ஆபீஸில் நாங்கள் ஈ ஓட்டுவதைப் பார்க்க அண்ணாச்சிக்கு ஆகாது. அந்த நேரம் பார்த்து அவருடைய சென்னை மச்சினர் ஒரு யோசனையோடு வந்தார். வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் டிவி கேம் செட் வந்திருக்கிறது, பெட்டி கிடையாது, பேர் கிடையாது, பெட்டி அச்சடித்து உங்கள் பேரில் விற்றுக்கொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்துகொண்டிருந்தது. செட்டை டிவியில் மாட்டி, கையில் ஒரு கட்டையைப் பிடித்துப் பொத்தானை அமுக்கினால், ஒரு சின்ன ஆள் ஏணி ஏறுவான், பள்ளம் தாண்டுவான், எத்தனையோ தடைகளுக்குப் பிறகு ஒரு கோட்டைக் கதவைத் திறப்பான். நல்ல சாமான்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கோளாறு எல்லாம் நாங்கள் செய்ததுதான். செட்டை யாரும் டிவியில் மாட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே எதிர்ச்சுவரில் லேபிள் ஒட்டியாகிவிட்டது! மோட்டார் சைக்கிள் கீரிக்கு ரோட்டில் போன ஒரு பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி மற்றதையெல்லாம் கிழித்துப்போட்டார். நான் ஒரு செட்டைப் போட்டு ஆடிப் பார்த்துவிட்டு அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, உள்ள கீரியும் கிடையாது, பாம்பும் கிடையாது, மோட்டார் சைக்கிளும் கிடையாது."

"ஏன்யா பாலுச்சாமி, குருவி வெடிக்குள்ள குருவியா இருக்கு?"

"அது வெடி அண்ணாச்சி. வெடிச்சா முடிஞ்சு போச்சு. இத நாள் பூரா பார்த்துக்கிட்டே இருப்பாகளே."

கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பட்டாசுக்கு இன்னொரு புண்ணியம் உண்டு. விற்றது திரும்பி வராது. நமத்துப்போன புஸ்வாணத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் கடைக்கு வருவதில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்ததைக் கொளுத்துவார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படி விற்றே பழகிய கை எங்களுடையது. ரிப்பேர் செய்ய ஆள் வேண்டும், மாற்றிக் கொடுக்க அடாப்டர் வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை. சொன்ன எனக்கு, 'பாலுச்சாமி எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்ற ஆளு' என்று பேர் கிடைத்ததுதான் மிச்சம்.

பங்குனி கடைசியில் சரக்கை இறக்கினோம். பட்டாசுக்கு சாயங்காலம் மைதானத்தில் சாம்பிள் வெடித்துக் காட்டுகிற மாதிரி, எங்கள் ஏஜென்ட் கடைகளின் வாசலில் டிவியை வைத்து ஆடிக் காட்டினோம். கூட்டம் சேர்ந்தது. எல்லோருடைய கண்ணும் முதலில் பெட்டியின் மேல், பிறகு டிவியின் மேல், திரும்பவும் பெட்டியின் மேல். எங்கள் சிவகாசி ஷோரூமில் ஒரு பிள்ளை கேட்டுவிட்டது: "மாமா, இந்தக் கீரி எப்ப வரும்?"

கவுண்டரில் நின்றவர் அண்ணாச்சியிடம் வளர்ந்தவர். அவர் வாயில் வேறு என்ன வரும்? "வரும், வரும். ஆடு, வரும்" என்றார்.

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. கடைசிக் கட்டம் தாண்டினால் கீரி வரும் என்றார்கள். ஒரு உயிர் கூடப் போகாமல் ஆடினால்தான் வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆடினால் பாம்பும் சேர்ந்து வருமாம். சாத்தூர் ஏஜென்ட் கந்தசாமி எனக்குப் போன் போட்டு, "அண்ணே, காரியாபட்டியில ஒருத்தன் பார்த்துட்டானாம்ல, கீரி மோட்டார் சைக்கிள்ல டுர்ருன்னு வந்து கையக் காட்டிட்டுப் போச்சாம்" என்றார். வேலை வெட்டியை விட்டுவிட்டு பஸ் பிடித்துக் காரியாபட்டிக்குப் போய் விசாரித்தேன். அங்கே கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "இங்க யாரும் பார்க்கல சார். சாத்தூர்ல ஒருத்தன் பார்த்தானாம்" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் சரக்கு பறந்தது! கீரி இருக்கிறது என்பதற்காகவே பறந்தது. அண்ணாச்சி மச்சினரிடம் இரண்டாவது லோடு சொல்லிவிட்டார். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "கேக்குறவுககிட்ட முகத்துல அடிச்ச மாதிரி எதுவும் பேசாதீக" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் கேட்டேன், "கீரி எங்கன்னு கேட்டா என்ன சொல்ல அண்ணாச்சி?" என்று. "பாலுச்சாமி, டீ சாப்பிடுங்க" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்ததும் காற்று மாறியது. கரண்ட் ஏறி இறங்கியதில் அடாப்டர்கள் கருகின. கட்டைகளின் பொத்தான்கள் பிடுங்கிக்கொண்டன. எல்லாவற்றுக்கும் மேலே, கீரி வரவில்லை. கந்தசாமி கடை வாசலில் திருப்பிக் கொண்டுவந்து போட்ட செட்டுகள் குவிந்து கிடந்தன. "எடுத்துட்டுப் போங்கண்ணே, பட்டாசு ஆர்டர அப்புறம் பேசுவோம்" என்றார். திரும்பி வந்த சரக்கை எங்கே வைப்பது என்று எங்கள் குடோன்காரருக்குத் தெரியவில்லை. அவருடைய சர்வீஸில் ஒரு சரக்கும் திரும்பி வந்ததில்லையே!

அந்தச் சமயத்தில்தான் திருத்தங்கல் மாரியம்மாள் ஆபீஸுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். தீப்பெட்டியில் குச்சி அடைக்கிற வேலையிலிருந்து மேலே வந்தவர். இப்போது ஒரு பட்டாசு ஆலைக்கு வேனில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற பொறுப்பு அவருடையது. விடிந்ததும் தெருத் தெருவாகப் பெண்களைக் கூப்பிட்டு, அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் விட்டு, சாயங்காலம் பத்திரமாக வீட்டில் சேர்க்க வேண்டும். எந்த ஆலையில் வேலை உண்டு, எது பாதுகாப்பு, எவன் கூலியை ஒழுங்காகத் தருவான் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வாக்கை நம்பித்தான் பெண்கள் வேன் ஏறுவார்கள். அது போனால் அந்த வேலையும் போச்சு.

அண்ணாச்சி அறையில் நானும் இருந்தேன். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"மொதலாளி, நான் உங்க டிவி கேம முடிச்சிட்டேன். கீரி வரல."

"அப்படியா தாயி, காபி சாப்பிடுதீகளா?"

"காபி கெடக்கட்டும். என் மகனுக்குன்னுதான் வாங்குனேன். அவன் நாலு நாள்ல சலிச்சுப்போய் கிரிக்கெட்டுக்கு ஓடிட்டான். நான் பிடிச்சேன் கட்டைய. வேல முடிஞ்சு வந்து ஒல வச்சுட்டு ஆடுனேன். கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையா வரும்னு சொன்னாரு. நான் நம்புனேன். தெருக்காரகளும், 'மாரியம்மா சொன்னாச் சரியா இருக்கும்'னு அம்புட்டுப் பேரும் வாங்கிட்டாக. நான் கொண்டாரேன்டி கீரியன்னு எல்லார்ட்டயும் சவால் விட்டேன். கடைசிக் கதவும் தொறந்துருச்சு. ஒண்ணத்தையும் காணோம்."

அதற்குப் பிறகுதான் அவர் குரல் மாறியது. "இப்ப எனக்குத் தெருவுல கீரிக்காரின்னு பேரு. குழாயடியில சிரிக்காக. நான் கதவத் தொறந்தேன்னு சொன்னா அதையும் பொய்யிங்காக. எதிர்வீட்டுப் பேச்சியம்மா, 'கீரி வரும்னவ நாளைக்குக் கூலி வரும்பா, நம்பிப் போவீகளா?'ன்னு கேட்டுட்டா. போன வாரத்துல இருந்து பாதிப் பொம்பளைக வேற வேன்ல ஏறுறாக. இன்னும் ரெண்டு வாரம் போனா ஆலைக்காரன் எனக்குக் கும்பிடு போட்டு அனுப்பிருவான்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியை எடுத்தார். மாரியம்மாள் அசையவில்லை. துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு பார்த்தால் அங்கேயேதான் நிற்கிறார். அண்ணாச்சி அப்படித் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு வழியில்லாமல், "நீங்க முடிச்சதப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

ஹாலில் சாம்பிள் காட்டுகிற டிவி இருந்தது. செட்டை மாட்டினோம். அந்த அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டையை வாங்கினார். அந்த விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கண் டிவியில், விரல் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கிறது. அவசரமே இல்லை. பில் போடுகிறவர்கள் பேனாவை வைத்துவிட்டு வந்தார்கள். பிரஸ்ஸிலிருந்து லேபிள் வரைந்த ஓவியரே வந்துவிட்டார். லோடு ஏற்றுகிறவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். அண்ணாச்சி நாற்காலியை இழுத்து இழுத்து, கடைசியில் டிவிக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்தார். சின்ன ஆள் கடைசி ஏணியில் ஏறினான். கோட்டைக் கதவு திறந்தது. நட்சத்திரமாகக் கொட்டியது. புரியாத எழுத்தில் ஏதோ இரண்டு வரி ஓடியது. டிவி மறுபடியும் முதல் பக்கத்துக்கே போய் நின்றது.

அண்ணாச்சி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா பாலுச்சாமி, கீரிய எங்க?"

அட கடவுளே! எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தவர் இவர். உள்ளே கீரி கிடையாது என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டவர் இவர். முகத்தில் அடித்த மாதிரிப் பேசாதீர்கள் என்றவரும் இவரே. ஊர் சொல்லச் சொல்ல, நடுவில் என்றைக்கோ அவரும் நம்ப ஆரம்பித்திருக்கிறார்! மற்ற முகங்களைப் பார்த்தேன். எல்லோரும் ஏமாந்து போய் நிற்கிறார்கள். வரைந்த ஓவியருக்குக்கூட முகம் வாடிவிட்டது. இந்தக் கூட்டத்தோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மாரியம்மாள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "பார்த்துட்டீகள்ல? நீங்க எங்க தெருவுக்கு வந்து, கீரி இல்ல, மாரியம்மா பொய் சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லணும்."

அண்ணாச்சி அவருக்குப் புது செட் தரச் சொன்னார். அந்த அம்மா வேண்டாம் என்றார். தெரு முழுக்க தீபாவளிக்கு கிஃப்ட் பாக்ஸ் அனுப்புகிறேன் என்றார் அண்ணாச்சி.

"எனக்குப் பெட்டி வேணாம் மொதலாளி. உங்க வாயி வேணும்."

"பாலுச்சாமி வந்து சொல்லுவாரு தாயி."

"இவுக சொன்னா, சம்பளக்காரர் சமாளிக்காருன்னு போயிரும். பெட்டியில இவுக பேரா போட்டிருக்கு?"

அண்ணாச்சி 'பார்ப்போம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் கேட்டுக்கு எதிரே ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. பாதிக்கு மேல் காலி சீட்டு. முன் சீட்டில் மாரியம்மாள். இறங்கவில்லை, சத்தம் போடவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆலைக்குப் போனார். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பூஜை போட்டுத்தான் எங்கள் ஊரில் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவோம். வெளியூர் வியாபாரிகளெல்லாம் வந்து இறங்குகிற நாள். வாசலில் இப்படி ஒரு வேன் நின்றால் என்னவென்று கேட்க மாட்டார்களா? "என்ன அண்ணாச்சி, ஏதும் பிரச்னையா?" என்று மதுரை வியாபாரி ஒருவர் கேட்டே விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழம வண்டி சொல்லுங்க. அப்படியே அந்தத் தெருச் செட்டுகளையும் எடுத்துக்கிடுவோம்" என்றார். ஏதோ தானாகத் தோன்றிய யோசனை மாதிரி!

அண்ணாச்சி காரில் போனார். நான் பின்னால் லாரியில் போனேன். குழாயடியில் தெருவே கூடியிருந்தது. அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். உட்காராமல் நின்றுகொண்டே ஆரம்பித்தார். "எங்கய்யா காலத்துல இருந்து கீரி மார்க்குன்னா..." என்று தொடங்கி அப்பா பட்ட கஷ்டம், மருந்தின் தரம், வெடிச் சத்தம் என்று எங்கெங்கோ போனார். கீரிக்கு வந்ததும் தடுக்கினார். "கீரிங்கிறது, இப்போதைக்கு வந்து..." என்றார். கை தன்னால் கண்ணாடிக்குப் போயிற்று.

"கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு மொதலாளி. சொல்லுங்க" என்றார் மாரியம்மாள்.

அண்ணாச்சியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்.

"இல்ல" என்றார். காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை சத்தம் வந்தது. "கீரி இல்ல தாயி. என்னைக்கும் இருந்ததில்ல. படம் போட்டதும் நாங்க, வரும்னு சொன்னதும் நாங்க. இந்தத் தாயி கடைசி வரைக்கும் ஆடி முடிச்சது நிசம். என் கண்ணால பார்த்தேன்."

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள், யாரையும் பார்க்காமல், குடத்தைக் குழாயில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சரி சரி. நாளைக்கு வேனு எத்தன மணிக்கு வருது?"

மாரியம்மாள் குழாயில் இரண்டு கை தண்ணீர் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டார். முந்தானையால் துடைத்த பிறகும் முகம் ஈரமாகத்தான் இருந்தது. "எப்பயும் போலத்தான்" என்றார்.

பிறகு ஆளாளுக்கு வீட்டுக்குள் போய்ச் செட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்றுக்கு வயர் கிடையாது. ஒன்றின் கட்டையை ஆடு கடித்திருந்தது. ஒன்றுக்குள் எறும்பு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நான் வாங்கி வாங்கி லாரியில் ஏற்றினேன். மாரியம்மாள் மட்டும் தன் செட்டைக் கொண்டுவரவில்லை. கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அத்தனை நாள் கேட்டுக்கு எதிரே வேனில் உட்கார்ந்து எங்களை முறைத்த அதே பெண்மணிக்கு இப்போது லேசாக வெட்கம்.

"மொதலாளி, இந்த ஆட்டம் முடிஞ்சு போச்சு. இதுல மேல சொருகுறாப்புல ஒரு எடம் இருக்குல்ல? வேற ஆட்டம் உள்ள கேசட் இருந்தாக் குடுங்களேன். பயலுக்கு இல்ல, எனக்குத்தான். நாள் பூரா ஆள்களக் கட்டி மேச்சுட்டு வந்து அதப் பிடிச்சு உக்காந்தா, மனசு லேசா இருக்கு."

மாவட்டம் முழுக்க நாங்கள் விற்றதெல்லாம் பெட்டியின் மேல் இருந்ததற்காக. உள்ளே இருந்ததற்காக ஆசைப்பட்ட ஒரே ஆள் இதோ நிற்கிறார். இந்த மாதிரி ஒருவர் வருவார், கூடக் கொஞ்சம் கேசட் வாங்கி வைப்போம் என்று சரக்கு வந்த அன்றைக்கே நான் கெஞ்சினேன். "வெடிச்ச வெடிக்கு மறுதிரி எவன்யா கேப்பான்?" என்று கேட்டுவிட்டார் அண்ணாச்சி. குடோனில் ஒரு கேசட் கிடையாது. இந்த வியாபாரமே இன்றோடு முடிந்தது என்று புறப்படுவதற்கு முன்னால் என் எதிரிலேயே மச்சினருக்குப் போனும் பேசிவிட்டார்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. ஒரு வாடிக்கையாளர் சரக்குக் கேட்கிறாரே!

"வரும் தாயி! அடுத்த லோடுல வருது."

"வராது!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. குழாயடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வராதும்மா. அடுத்த லோடே கிடையாது. இந்த மனுஷன் சொல்றத நம்பிக் காத்துக்கிட்டு இருக்காதீக!"

மாரியம்மாள் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "யார் சொல்றத நான் எடுத்துக்கிட?" என்று அண்ணாச்சியிடமே கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியை எடுத்தார். அந்த அம்மா பொறுமையாக நின்று பார்த்தார்.

"முடிச்ச ஆட்டத்தையே எம்புட்டு நாளைக்கு ஆட" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

திரும்பி வரும்போது கையில் செட் இருந்தது. வயர்களைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தார். ஒரு கீறல் கிடையாது, தூசி கிடையாது. மேலே பழைய சேலைத் துணி ஒன்று போர்த்தியிருந்தது. துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு செட்டை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் நாங்கள் லாரியில் ஏற்றிய அத்தனையிலும் வேலை செய்தது அது ஒன்றுதான்.